மரவேரின் நிழலில் ஒரு பச்சைக் கம்பளம்: முதல் செடித் தொட்டிக்கு வாங்கிய பொருள்கள், ஒன்பது மாதங்களுக்குப் பிறகு

பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீள மீன் தொட்டி ஒன்றை வைத்து, நடுவே மரவேரும் தரையெங்கும் கம்பளம் விரித்தாற்போல் படரும் செடிகளுமாக ஒரு செடித் தொட்டியை அமைத்தேன். அதற்கு முன் பல ஆண்டுகள் கூழாங்கல்லும் பிளாஸ்டிக் செடியும் போட்ட தொட்டியில் கப்பி, மோலி மீன்களை வளர்த்த பழக்கம் இருந்ததே தவிர, உயிருள்ள செடியை நீருக்கடியில் வளர்த்ததில்லை. இதற்காகச் சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் கடைகளிலும் இணையத்திலும் வாங்கிய பொருள்கள் ஒன்பது மாதங்களில் எப்படி உழைத்தன, எதற்குக் கொடுத்த பணம் தகும், எதை இனி வாங்க மாட்டேன் என்பதை, முதன்முறையாக இப்படியொரு தொட்டி வைக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பொருள்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரவேரும் கம்பளச் செடியும் ஒரே படத்தில் அழகாக இருந்தாலும் ஒரே தொட்டியில் ஒன்றுக்கொன்று எதிரானவை. வேர் நிழல் தரும், நீரைத் தேநீர் நிறமாக்கும், நீரோட்டத்தை மறிக்கும். தரையோடு ஒட்டி வளரும் செடிக்கோ மேலிருந்து தடையில்லாத வெளிச்சமும், தெளிந்த நீரும், கார்பன் டை ஆக்சைடைத் தரை வரை கொண்டு சேர்க்கும் ஓட்டமும் தேவை. ஆகவே இந்தத் தொட்டிக்குத் திட்டமிடுவது என்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் இணங்க வைப்பதுதான்; ஒவ்வொரு பொருளையும் நான் அந்த அளவுகோலில் வைத்தே மதிப்பிடுகிறேன்.

தொட்டியின் அளவு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. செடித் தொட்டிக் கலைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015), 1982-இல் நீகாத்தாவில் தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனத்தின் வழியாகப் பரவலாக்கிய அளவுகளுள் இதுவும் ஒன்று. விளக்கு, மண் மூட்டை, வடிகட்டி என்று சந்தையில் கிடைக்கும் பொருள்கள் பலவும் இந்த அளவுக்குப் பொருந்தும். கொளத்தூரில் அளவு சொல்லி ஒட்டச் சொன்னதில் மூன்று நாளில் கிடைத்தது. விளிம்புகள் நன்றாகத் தீட்டப்பட்டிருந்தன, சிலிக்கான் பூச்சு மெல்லிய கோடாக இருந்தது, இதுவரை ஒரு சொட்டுக் கசிவில்லை. விளம்பரத்தோடு வரும் ஆயத்தத் தொட்டியைவிட இது எல்லா வகையிலும் மேல் என்பது என் கருத்து. மண்ணும் வேரும் நீரும் சேர்ந்தால் எண்பது கிலோவைத் தாண்டும் என்பதால், தாங்கும் மேசையைப் பார்த்து வைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

இனி மரவேர். கடைகளில் இதை டிரிஃப்ட்வுட் என்றும், வெறுமனே கட்டை என்றும் சொல்வார்கள். பொதுவாக இரண்டு வகை கிடைக்கிறது. மலேசியக் கட்டை எனப்படுவது கறுத்து, கனத்து, போட்ட அன்றே மூழ்கிவிடும். ஆனால் அதன் உருவம் பெரும்பாலும் மொத்தையாக இருக்கும். ஸ்பைடர் வுட் எனப்படும் அசேலியா வேர், சிலந்திக் கால்களைப்போல் மெல்லிய கிளைகள் பிரிந்து வெளிர் நிறத்தில் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் மிதக்கும். கம்பளச் செடிக்கு எது உகந்தது என்று கேட்டால் ஐயமின்றி இரண்டாவதைச் சொல்வேன். மொத்தையான கட்டை தன் அடியில் ஒரு முழு நிழலை விழச் செய்கிறது. மெல்லிய கிளைகளின் நிழலோ பிரிந்து விழுவதால் இடையிடையே தரைக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

கட்டை வாங்கப் போகும்போது நான் செய்த ஒரு காரியம் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. பழைய நாளிதழ்த் தாள்களை ஒட்டி, தொட்டியின் அடித்தள அளவான 60-க்கு 30-ஆகக் கத்தரித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கடையின் பின்கட்டில், நீர்த்தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த கட்டைகளுக்குப் பக்கத்தில் அதைத் தரையில் விரித்து, ஒவ்வொரு வேராக அதன்மேல் நிறுத்திப் பார்த்தேன். கையில் எடுக்கும்போது அளவாகத் தெரிந்த வேர்களில் பாதி, தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மேலே தொங்கிய விளக்கு தாளின்மேல் விழச்செய்த நிழலைப் பென்சிலால் கோடிட்டபோது, எந்த வேரை எடுத்தால் எவ்வளவு இடத்தில் செடி வளராது என்பது கண்முன்னே தெரிந்துவிட்டது. கடைக்காரர் அறுபதைக் கடந்தவர், சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்து, "தம்பி, அழகு மட்டும் பாக்காத, நகத்தால அழுத்திப் பாரு, எறங்குச்சுன்னா அதை எடுக்காத" என்றார். அழுத்திப் பார்த்ததில் நான் விரும்பி எடுத்து வைத்திருந்த வேரின் ஒரு பக்கம் ஈரப் பிஸ்கட்டைப்போல் உள்ளே போயிற்று. அப்படிப்பட்ட கட்டை நீருக்குள் அழுகித் தொட்டியையே கெடுத்துவிடும் என்று அவர் விளக்கினார். தன் சரக்கையே வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியிடம் மற்ற பொருள்களையும் நம்பி வாங்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது, அது பொய்க்கவில்லை.

இறுதியில் எடுத்தது, அடி பருத்து, மூன்று கிளைகள் வலப்பக்கமாக வளைந்து போகும் ஒரு வேர். அதன் பருத்த அடியைத் தொட்டியின் சரிநடுவில் வைக்காமல், இடப்பக்கக் கண்ணாடியிலிருந்து 23 செ.மீ. தூரத்தில் வைத்தேன். நீளத்தை ஏறக்குறைய இரண்டுக்கு மூன்று என்று பிரிக்கும் இந்த இடம் கண்ணுக்கு இதமானது என்பது ஒரு காரணம். வலப்பக்கம் விரிந்த வெளி கிடைத்தால் அங்கே கம்பளம் தடையின்றிப் படரும் என்பது பெரிய காரணம்.

அந்த வேரை உடனே தொட்டியில் வைக்காமல் ஒரு பிளாஸ்டிக் அண்டாவில் மூன்று வாரம் ஊறப்போட்டேன். முதல் வாரம் நீர் கட்டஞ்சாயாவைப்போல் ஆயிற்று. மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்ற மாற்ற வெளிறிக்கொண்டே வந்தது. இந்த நிறம் டானின் என்னும் துவர்ப்புப் பொருளால் வருவது. மீனுக்குக் கெடுதல் இல்லை, சில மீன்களுக்கு நல்லதும்கூட. ஆனால் நிறமேறிய நீர் தரைக்குச் செல்லும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்பதால், கம்பளம் வேண்டுவோர் இந்த மூன்று வாரத்தைத் தவிர்க்கக் கூடாது. ஊறிய பிறகும் முழுமையாக மூழ்கவில்லை. அடியில் ஒரு கடப்பைக் கல் துண்டை எஃகுத் திருகாணியால் பொருத்தி, அதன்மேல் மண்ணைப் போட்டு மறைத்தேன். தொட்டியில் வைத்த பத்தாம் நாள் கிளைகளின்மேல் பஞ்சுபோன்ற வெள்ளைப் படலம் படிந்தது. இது புதுக் கட்டையில் பெரும்பாலும் வருவதுதான். பழைய பல் துலக்கியால் தேய்த்து உறிஞ்சி எடுத்தேன், நத்தைகளும் தின்றன, ஐந்தாம் வாரத்தில் தானே நின்றுவிட்டது. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையை எடுத்து வரலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார்; உப்பு ஊறிய கட்டையும், சாறு காயாத பச்சை மரமும் இந்த வேலைக்கு ஆகா.

மண்ணுக்கு வருகிறேன். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் ஆயிற்று. அடுத்த தொட்டிக்கும் முதலில் இதற்குத்தான் பணத்தை எடுத்து வைப்பேன். நான் வாங்கியது ஏ.டி.ஏ. நிறுவனத்தின் அமேசோனியா மண், 9 லிட்டர் மூட்டை. இது சூட்டில் பதப்படுத்தி மிளகு அளவில் உருட்டிய மண். செடிக்கு வேண்டிய ஊட்டம் அதற்குள்ளேயே இருக்கிறது, கம்பளச் செடியின் நூல்போன்ற வேர்கள் உருண்டைகளுக்கு நடுவே எளிதாக இறங்குகின்றன. முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 8 செ.மீ. என்று சரிவாகப் போட்டால் சராசரி ஐந்தரை செ.மீ. வரும்; இந்த அடித்தளத்துக்கு அது ஏறத்தாழ 10 லிட்டர். வேரின் அடிப்பகுதியும் கல்லும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொண்டதால் ஒரே மூட்டை எனக்குச் சரியாக இருந்தது. சரிவு இல்லாமல் சமமாகப் போட்டால் தரை முன்பக்கத்திலிருந்து ஒரு கோடாகத்தான் தெரியும், கம்பளம் கண்ணில் விரியாது.

இந்த வகை மண்ணைப் பற்றி வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஊட்டம் மிகுந்த மண் என்பதால் தொடக்க வாரங்களில் இது நீரில் அமோனியாவை விடும். குறையென்று இதைச் சொல்ல முடியாது, இதன் இயல்பே அதுதான். ஆனால் மண் போட்ட மறுநாள் மீன் விடுகிறவர் மீனைக் கொன்றுவிடுவார். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் முதல் வாரம் தினமும் பாதி நீரை மாற்றினேன், இரண்டாம் வாரம் ஒன்றுவிட்ட ஒரு நாள், பிறகு வாரம் இருமுறை. சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூச்சியம் காட்டிய பிறகு, முப்பத்தெட்டாம் நாளில்தான் மீன்கள் உள்ளே போயின. இரண்டாவது, இம்மண் நீரின் கார்பனேட் கடினத்தன்மையைத் தன்பால் இழுத்து, நீரைச் சற்றே அமிலப் பக்கம் கொண்டுபோகும். அந்தத் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. கடின நீரைத் தொடர்ந்து ஊற்றினால் அந்தத் திறன் விரைவில் தீர்ந்துபோகும்.

சென்னையில் இருப்பவருக்கு இதுதான் உண்மையான சிக்கல். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 900-க்கு மேல், கார்பனேட் கடினத்தன்மையைக் காட்டும் கே.எச். சோதனையில் நிறம் மாறப் பதினான்கு சொட்டு பிடித்தது. இந்த நீரை அப்படியே ஊற்றுவது, விலை கொடுத்து வாங்கிய மண்ணின் ஆயுளைப் பாதியில் முடிப்பதாகும். சமையலறை ஆர்.ஓ. கருவியின் நீர் நான்கு பங்குக்குக் கிணற்று நீர் ஒரு பங்கு என்று கலந்ததில் கே.எச். மூன்றுக்கு வந்தது. வாரம் ஒரு முறை மாற்றுவதற்கு 15 லிட்டர் போதும் என்பதால், அதில் 12 லிட்டர் ஆர்.ஓ. நீரை முந்தைய இரவே பிடித்து வைத்துவிடுகிறேன். கருவி வெளியே தள்ளும் கழிவு நீர் மாடிக் கழுவலுக்குப் போகிறது. குழாயில் வரும் மாநகராட்சி நீர் கிடைப்பவர்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. அதில் குளோரின் முறிப்பான் சேர்த்தால் போதும். தொட்டி வைக்க நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மானியையும் கே.எச். சோதனைக் குப்பியையும் வாங்கித் தம் வீட்டு நீரை அளந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். இதைச் செய்யாமல்தான் என் நண்பர்களில் இருவர், செடி சரியில்லை, மண் சரியில்லை என்று ஆறு மாதம் அலைந்தார்கள்.

கம்பளச் செடியைத் தேர்வதற்கு நான் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். படங்களில் மனத்தைப் பறிப்பது கியூபா என்ற பெயரில் விற்கும் ஹெமியாந்தஸ், கடுகளவு இலை. ஆனால் வெளிச்சமோ கார்பன் டை ஆக்சைடோ சற்றுக் குறைந்தாலும் வேரோடு பெயர்ந்து மேலே வந்துவிடும், முதல் தொட்டிக்கு அது வேண்டாம். டுவார்ஃப் ஹேர்கிராஸ் என்பது நம் கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. புல்வெளி போலவே இருக்கும், ஓடுதண்டு விட்டுப் பரவும், ஆனால் இழைகளுக்கு நடுவே மீன் கழிவு தங்கிப் பாசி பிடித்தால் சுத்தம் செய்வது கடினம். அர்ஜென்டினாவிலிருந்து வந்த மான்டி கார்லோவின் இலை கியூபாவைவிடப் பெரிது, வேர் வலுவாகப் பிடிக்கிறது, சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்கிறது. நான் எடுத்தது அதைத்தான். கார்பன் டை ஆக்சைடு வைக்க முடியாது என்கிறவர்களுக்கு மார்சிலியாவைப் பரிந்துரைப்பேன். இது வேறொன்றுமில்லை, நம் வயல் வரப்புகளில் நாலிலையோடு நிற்கும் ஆரைக்கீரையின் உறவு. நீருக்கடியில் இலை ஒற்றையாகச் சிறுத்து, மிக மெதுவாக, ஆனால் உறுதியாகத் தரையை மூடும்.

செடியை எந்த வடிவில் வாங்குவது என்பதில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. திசு வளர்ப்பில், மூடிய பிளாஸ்டிக் கோப்பைக்குள் கூழில் வளர்க்கப்பட்ட செடிகளை டிஷ்யூ கல்ச்சர் கப் என்று விற்கிறார்கள். இவற்றில் பாசியும் நத்தை முட்டையும் பூச்சிமருந்தும் இருக்காது என்பது பெரிய நன்மை. இறால் விடுகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை. ஆனால் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நான் முதலில் தருவித்த மூன்று கோப்பைகள் வழியில் ஐந்து நாள் கிடந்து, திறந்தபோது செடி வெந்த கீரையைப்போல் இருந்தது. படம் எடுத்து அனுப்பியும் பதில் வரவில்லை. பிறகு கொளத்தூர்க் கடையிலேயே, கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கூழ் தெளிவாகவும் வேர் வெள்ளையாகவும் இருந்த மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று முந்நூறு ரூபாயை ஒட்டி ஆயிற்று. அஞ்சலில் தருவிப்பதைவிட, நேரில் பார்த்து வாங்கி அன்றே நடுவதற்குத்தான் இந்தக் கோப்பைகள் ஏற்றவை.

நடுவதை அவசரப்படாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வைத்துக்கொண்டேன். கூழை வாளி நீரில் அலசியெடுத்து, ஒவ்வொரு கோப்பைச் செடியையும் விரல்நுனி அளவில் இருபது துணுக்குகளாகக் கிழித்தேன். தொட்டியில் மண் நனையுமளவுக்கு மட்டும் நீர் இருந்தது. நீண்ட இடுக்கியால் துணுக்கின் வேரைப் பிடித்து, சாய்வாக மண்ணுக்குள் செலுத்தி, இலைநுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, இடுக்கியை லேசாக அசைத்துக்கொண்டே உருவ வேண்டும். நேராக உருவினால் செடியும் கூடவே வந்துவிடும். இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியில் அறுபது துணுக்கு நட்டு முடித்தபோது முதுகு கழன்றுவிட்டது, தொட்டியோ நாற்று நட்ட முதல் நாள் வயலைப்போல் மண்ணாகவே தெரிந்தது. வேரின் கிளைகளுக்கு நேர் கீழே, பென்சிலால் கோடிட்டு வைத்திருந்த நிழல் இடத்தில் மட்டும் மான்டி கார்லோவை நடவில்லை. அங்கே இலங்கையின் ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டியைச் சிறு குத்துகளாக வைத்தேன்; அது நிழலைத் தாங்கும். நட்ட இரண்டாம் வாரம் அதன் இலைகள் கரைந்துபோயின. கிரிப்டோகோரைன் இடம் மாறினால் இப்படிச் செய்யும், வேரைப் பிடுங்காமல் விட்டால் புது இலை வரும் என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு மாதத்தில் வந்தது. கிளைகளின்மேல் அனுபியாஸ் நானா பெட்டிட்டை நூலால் கட்டினேன், அதன் கிழங்கை மண்ணில் புதைக்கக் கூடாது. பின்புறம் வளர நீர்ப்பிரமி. மருந்துச் செடியாக நாம் அறிந்த அதே பிரமி, தொட்டிச் சந்தையில் பக்கோப்பா மொன்னியேரி என்ற பெயரோடு உலகமெங்கும் விற்பனையாகிறது.

கார்பன் டை ஆக்சைடு ஏற்பாட்டில்தான் நான் தவறான பொருளுக்குப் பணம் கொடுத்தேன். சிட்ரிக் அமிலத்தையும் சமையல் சோடாவையும் இரண்டு புட்டிகளில் வைத்து வாயு உண்டாக்கும் தொகுப்பு மலிவானது, அந்த முறையில் பிழையும் இல்லை; 200 கிராம் வீதம் போட்டால் நொடிக்கு இரண்டு குமிழி என்ற கணக்கில் எனக்கு மூன்று வாரம் வந்தது. ஆனால் பெயர் தெரியாத தயாரிப்பாளரின் அந்தத் தொகுப்பில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வு தரமாக இல்லை. மாலையில் நொடிக்கு இரண்டாக வைத்த குமிழி, மறுநாள் காலையில் எண்ண முடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மீன்கள் அனைத்தும் நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து தவித்தன. நான்கு எம்பர் டெட்ராக்கள் இறந்துவிட்டன. அந்தக் காலையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பிறகு சிறிய சிலிண்டரும், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வோடு கூடிய ரெகுலேட்டரும் வாங்கினேன். விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி முன்பு திறந்து, அணைவதற்கு ஒரு மணி முன்பு மூடும்படி டைமரில் வைத்திருக்கிறேன். முதலிலேயே இதை வாங்கியிருந்தால் செலவும் குறைந்திருக்கும், அந்த நான்கு உயிர்களும் போயிருக்காது. இதற்குப் பணம் சேரும்வரை மார்சிலியாவோடு தொடங்குவதே சரியான வழி.

டிராப் செக்கர் எனப்படும் சிறிய கண்ணாடிக் குமிழையும் மறக்காமல் வாங்க வேண்டும். 4 கே.எச். திரவத்தில் நிறங்காட்டி கலந்து வைத்தால், வாயு குறைவாக இருக்கும்போது நீலமும், லிட்டருக்கு 30 மில்லிகிராமை ஒட்டி இருக்கும்போது பச்சையும், மிஞ்சினால் மஞ்சளும் காட்டும். ஆனால் அது காட்டுவது ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலையை. ஆகையால் அதைப் பார்த்து அவசரமாக வால்வைத் திருகக் கூடாது. அதைக் கம்பளத்துக்கு அருகில், வடிகட்டியின் வாய்க்கு எதிர்மூலையில் ஒட்ட வேண்டும். நான் முதலில் வேரின் இடப்பக்கம் ஒட்டியிருந்தேன், பச்சையாக இருந்தது. வலப்பக்கம் மாற்றியதும் நீலமாயிற்று. வேரின் பருத்த அடி ஓட்டத்தை மறித்து, கம்பளம் படர வேண்டிய வெளிக்கு வாயு போய்ச் சேரவிடாமல் செய்திருந்தது. வடிகட்டியின் வாயை நீள்பக்கத்தை ஒட்டித் திருப்பி, கிளைகளுக்கு முன்னால் நீர் ஓடும்படி வைத்த பிறகுதான் இரு பக்கமும் பச்சை வந்தது. அந்த வாரத்திலிருந்தே வலப்பக்கத்துத் துணுக்குகள் ஓடுதண்டு விடத் தொடங்கின.

விளக்கையும் வடிகட்டியையும் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. செடிக்கென்று விற்கும் இரண்டடி எல்.இ.டி. விளக்குகளில் நடுத்தர விலையுள்ளதே போதும். முதல் மாதம் ஆறு மணி நேரம், பிறகு எட்டு. முதல் மாதத்தில் பழுப்புப் பாசி கண்ணாடியையும் வேரையும் மூடியது. விளக்கைக் கூட்டாமல், நீர் மாற்றுவதை நிறுத்தாமல், நெரைட் நத்தை நான்கும் அமானோ இறால் ஆறும் விட்டதில் ஆறாம் வாரம் அடங்கியது. தொட்டியில் பாசியை மேய்க்க அந்த இறாலைப் பயன்படுத்துவதைப் பரப்பியவர் அமானோ என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். வடிகட்டி வெளியே வைக்கும் கேனிஸ்டர் வகை, சத்தமில்லை, குறையில்லை.

கோடையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் தொட்டி நீர் 32 பாகையைத் தொட்டது. வெப்பம் ஏற ஏற நீரில் வாயுக்கள் கரைவது குறையும் என்பதால், செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடும் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடாயின. கம்பளத்தின் நடுவே இரண்டு இடங்களில் இலை மஞ்சளித்தது. தொட்டி விளிம்பில் மாட்டும் சிறிய மின்விசிறி இரண்டை வைத்து நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசச் செய்ததில் மூன்று பாகை குறைந்தது. எண்ணூறு ரூபாய்க்கு இவ்வளவு பயன் தந்த பொருள் இந்தத் தொட்டியில் வேறில்லை. ஆனால் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகும்; உப்புகள் ஆவியாகாமல் தங்கிவிடுவதால், குறைந்த அளவைக் கலந்த நீரால் நிரப்பாமல் வெறும் ஆர்.ஓ. நீரால்தான் நிரப்ப வேண்டும். விளக்கு நேரத்தையும் பகலிலிருந்து மாலை ஐந்துக்குப் பிறகு மாற்றிவிட்டேன். தொட்டியைத் தொடங்குவதற்குச் சென்னையில் மார்கழியும் தையும்தான் நல்ல பருவம். மேயில் தொடங்கியிருந்தால் இந்தக் கம்பளம் பிடித்தே இருக்காது என்று நம்புகிறேன்.

பன்னிரண்டாம் வாரம் வலப்பக்க வெளி முழுவதும் மூடிற்று. மாலையில் விளக்கு எரிந்து இரண்டு மணி நேரம் ஆனதும், ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் ஊசிமுனை அளவு ஆக்சிஜன் குமிழி துளிர்த்து, பருத்து, இலையை விட்டு விடுபட்டு மேலேறும். என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து எண்ணுவாள். கம்பளம் மூடிவிட்டதென்று வெட்டாமல் விடக் கூடாது என்பதை மட்டும் அப்போது நான் அறிந்திருக்கவில்லை. நான்கு செ.மீ. தடிமனுக்கு வளர்ந்தபோது அடியில் இருந்த இலைகளுக்கு வெளிச்சம் போகாமல் மஞ்சளித்து, ஒரு மூலை பாய்போலச் சுருண்டு மிதந்து வந்தது. அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வளைந்த கத்தரியால் ஒன்றரை செ.மீ. உயரத்துக்கு வெட்டுகிறேன், அந்தக் கத்தரியைத் தொடக்கத்திலேயே வாங்கி வையுங்கள், சாதாரணக் கத்தரியால் தரையோடு ஒட்டி வெட்ட முடியாது. வெட்டுவதற்கு முன் வடிகட்டியை நிறுத்தி, துண்டுகளை வலையால் அள்ளிவிட வேண்டும்.

செலவைக் கேட்பவர்களுக்கு: தொட்டி, மண், வேர், செடிகள், விளக்கு, வடிகட்டி, சிலிண்டர் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தாண்டியது, வீணான வாயுத் தொகுப்பும் வெந்துபோன செடிக் கோப்பைகளும் அதில் அடக்கம். மார்சிலியாவும் கிரிப்டோகோரைனும் வைத்து, கார்பன் டை ஆக்சைடு இல்லாமல், சிறிய தொங்கு வடிகட்டியோடு தொடங்கினால் இதில் பாதியில் முடிக்கலாம். அந்தத் தொட்டிக்கும் இதே மண்ணையும் இதே வகை வேரையும்தான் வாங்கச் சொல்வேன்.

போன ஞாயிறு வெட்டியெடுத்த கம்பளத் துண்டுகளில் நல்லவற்றை ஒரு டப்பாவில் நீரோடு போட்டு, கொளத்தூர்க் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றி வேரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பின்கட்டில் ஈர மண் நிரப்பிய தட்டில் ஒவ்வொன்றாக நட்டு, மேலே கண்ணாடித்தாள் போர்த்தினார். "ஒரு மாசம் கழிச்சு வா தம்பி, புடிச்சிருக்கான்னு பாக்கலாம்" என்றார்.